பிழை எண் பூஜ்யம்

நூலகத்தில் வேலை என்றால்
மாவட்ட மைய நூலகமா என்கிறார் வீட்டுக்காரர் தெய்வசிகாமணி.
ஆமாம் என்றே விட்டுவிட்டேன்.
இந்த நூலகத்தில் அலமாரி கிடையாது.
பெயரைக் கொடுத்தால் எண்ணும்
எண்ணைக் கொடுத்தால் பெயரும் எடுத்துத் தரும்
நானூற்றுச் சொச்சம் வரிகள் என் பொறுப்பு.
சி மொழி. எனக்கு முன்னால் நான்கு பேர் பார்த்தது.
ஒருவர் ஓரக்குறிப்பில் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்,
எதற்கென்று எழுதவில்லை.

கடலூர் முதுநகர், இம்பீரியல் சாலை.
கீழே போட் எஞ்சின் உதிரிபாகக் கடை,
மேலே நான், மேசை விசிறி, இரண்டு திரை.
சிப்காட் பக்கமிருந்து காற்றடித்தால்
ஜன்னலைச் சாத்த வேண்டும்.

கணினிக்கு யாரையும் பெயரால் தெரியாது.
கோப்பின் சொந்தக்காரர் அதற்கு ஆயிரத்து நான்கு.
ஆயிரத்து நான்கு யார் என்று
ஏதோ ஒரு நிரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.
ஆளுக்கு ஒரு வரி, வரிக்கு ஏழு கட்டம்:
பெயர், கடவுச்சொல் இருந்த இடத்தில் ஓர் எக்ஸ்,
எண், குழு எண், யாரென்று இரண்டு வார்த்தை,
வீடு, கடைசியில் ஓடு.
வீடும் ஓடும் அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்து
முதல் நாள் தனியாகச் சிரித்தேன்.

பழைய செயற்கூற்றிடம் எல்லாருக்கும் ஒரே பலகை.
கேட்ட பெயரை அதில் எழுதிக் காட்டும்;
நீங்கள் படித்து முடிப்பதற்குள் அடுத்தவர் கேட்டால்
அழித்துவிட்டு அவருடையதை எழுதும்.
புதியதற்கு நீங்களே பாத்திரம் கொண்டுபோக வேண்டும்.
சின்னதாக இருந்தால் திருப்பி அனுப்பும்,
பெரிசா கொண்டா என்று.

புரட்டாசியில் ஒரு புகார் வந்தது.
எங்கோ ஒரு பல்கலைக்கழகம். பெயர்ப்பட்டியல் தனி சர்வரில்.
இரவு இரண்டேகாலுக்கு அந்த சர்வர் பதில் பேசவில்லை.
என் வரிகள் 'இல்லை' என்று சொல்லிவிட்டன.
உரிமையாளர் இல்லாத கோப்பை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று
அதை அப்படியே நம்பியது.
முப்பத்தெட்டு பேருடைய ஆய்வு.

ஆள் இல்லை என்பது வேறு,
போய்க் கேட்க முடியவில்லை என்பது வேறு.
இரண்டுக்கும் திரும்பி வருவது வெறுங்கைதான்.
பக்கத்தில் ஒரு பிழை எண் இருக்கும்,
அது பூஜ்யமா என்று பார்க்க வேண்டும்.
யார் பார்க்கிறார்கள்.

நானே பார்க்கவில்லை, சனிக்கிழமை,
சிங்காரத்தோப்பு ரேஷன் கடையில்.
எனக்கு முன் நின்ற அஞ்சலாட்சி
கட்டைவிரலை நாலு தடவை வைத்தார்.
மீன் அரிந்து அரிந்து ரேகை தேய்ந்த விரல்,
அதனால்தான் என்று நானும் நினைத்தேன்.
விற்பனையாளர் நிமிரவில்லை.
'பேரு இல்லம்மா. தாலுகா ஆபீஸ்ல போய்ப் பாரு.'
'போன மாசம் இருந்திச்சே.'
அடுத்து நான். எனக்கும் இல்லை.
எனக்குப் பின்னால் நின்ற மரைக்காயர் வீட்டுப் பையனுக்கும் இல்லை.
பத்து நிமிடம்
ஒரு தெருவே இல்லாமல் இருந்தது.
அப்புறம்தான் யாரோ சொன்னார்கள், டவர் போச்சு என்று.
அதற்குள் அஞ்சலாட்சி
சங்கரா மீன் கூடையைக் கடையோரம் வைத்துவிட்டு
பஸ் ஏறியிருந்தார்.
கூடையில் ஐஸ் கரைந்து
வரிசையில் நின்றவர்கள் காலடிக்கு வந்தது.

திருத்தம் பதினோரு வரி.
சோதிக்கத்தான் ஐந்து நாள் ஆனது.
பதில் சொல்லாத சர்வராக ஒரு சின்ன நிரல் எழுதினேன்;
கேள்வியை வாங்கிக்கொள்ளும், வாயைத் திறக்காது.
இப்போது என் வரிகள் 'தெரியவில்லை, மறுபடி கேள்' என்கின்றன.

சரிபார்ப்பவருக்கு அங்கே காலை. அவர் கேட்டார்:
இத்தனை வருடம் 'இல்லை'யை வாங்கிப் பழகிய நிரல்கள்
இனி உடையாதா?
சில உடையும் என்று எழுதினேன்.
இன்னும் சேர்க்கவில்லை.

கீழே ஷட்டர் இறங்குகிறது.
மாடிப்படியில் தெய்வசிகாமணி.
எனக்குத் தபால் ஏதாவது வந்ததா என்றேன்.
'உன் பேர்ல ஒண்ணும் இல்ல.'
இல்லையா, பார்க்கலையா?
கொஞ்ச நேரம் நின்றார்.
'இரு, கண்ணாடிய எடுத்துட்டு வரேன்.'